புதுப்பிப்பு: எஸ்யூவி வரவில்லை, சேசிஸ் எண் வந்துவிட்டது

புது மாடல் எஸ்யூவிக்கு முன்பணம் கட்டியும், தயாரிப்புத் தாமதம் என்று தேதியே சொல்லாமல் இழுக்கிறார்கள் என எழுதியிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி.

நேற்று ஷோரூமிலிருந்து சேசிஸ் எண், அதாவது வண்டியின் 17 இலக்க அடையாள எண், வந்தது. அந்த 17-இல் 10-வது எழுத்து பெரும்பாலும் மாடல் ஆண்டைக் காட்டும்: எஸ் (S) என்றால் 2025, டி (T) என்றால் 2026. எனக்கு டி. சரி, பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டவில்லை.

ஆனால் எண் வந்துவிட்டால் வண்டி தயார் என்று அர்த்தமில்லை. கட்டி முடித்த வண்டிகூட ஒரு சிப்புக்காகவோ தரச் சோதனைக்காகவோ ஆலை முற்றத்தில் நிற்கலாம். "லைனில் (தயாரிப்பு வரிசையில்) இருக்கு சார்" என்கிறார் விற்பனையாளர். எந்த லைன் என்றால் சிரிக்கிறார்.

கறுப்பு நிறத்துக்கு மாறினால் சீக்கிரம் கிடைக்குமாம். வெயிலில் நிற்கப்போகும் வண்டிக்குக் கறுப்பா? மாட்டேன் என்றுவிட்டேன். இடையில் விலை ஏறினால் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.