1/72 ஸ்பிட்ஃபயர் மார்க் 1: இறக்கை இடுக்கு, தூரிகைப் பூச்சு, டீகால்

ஸ்ப்ரூ72:
பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் பிளாஸ்டிக் மாடல் இது, அசலில் 72-இல் ஒரு பங்கு அளவு. 1940 ஆகஸ்ட்டில் பறந்த விமானமாகச் செய்ய எண்ணம். உடலின் இரண்டு பாதிகளும் ஒட்டிக் காய்ந்துவிட்டன. இறக்கையை ஒட்டாமல் வைத்துப் பார்த்தால் வலப்பக்க வேரில் (இறக்கை உடலோடு சேரும் இடம்) அரை மில்லிமீட்டர் இடுக்கு. இடப்பக்கம் ஒழுங்காக உட்காருகிறது. புட்டி வைத்துத் தேய்த்தால் பக்கத்து பேனல் கோடுகளும் (தகடுகளின் இணைப்பைக் காட்டும் நுண்கோடுகள்) போய்விடுமே? ஏர்பிரஷ் (பெயின்ட் தெளிக்கும் கருவி) கிடையாது, தூரிகைதான். டீகாலின் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படலம்) அடியில் வெள்ளை பூக்காமலிருக்க என்ன செய்யலாம்?

வாட்டர்பேப்பர்:
ஒரு பக்கம் மட்டும் இடுக்கு என்றால் புட்டிக்குப் போகாதீர்கள். வலப்பக்க வேரில் ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டிய இடத்துப் பிசிறோ வழிந்த பசையோ இருந்தால் இறக்கை முழுவதும் வலப்பக்கம் தள்ளிவிடும். அதைச் சுரண்டிவிட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள்.

அப்படியும் இடுக்கு மிஞ்சினால், பசை போட்டதும் ஒரு முனையிலிருந்து முதுகின் மேலாக மறுமுனைக்கு மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டுங்கள். முனைகள் மேலெழும்போது இடுக்கு தானாக மூடும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை ஏற்றம், அதாவது முனை நோக்கி மேலெழும் கோணம், 6 டிகிரி. இந்த அளவில் முனை, வேரைவிட ஏறத்தாழ 7 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் முன்னாலிருந்து பார்க்கும்போது விமானத்தின் தோற்றமே கெட்டுவிடும். ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள்.

மயிரிழை மிச்சம் இருந்தால் நீரில் கரையும் அக்ரிலிக் புட்டி போதும். தடவி, ஈரமான பட்ஸால் துடைத்தால் இடுக்கில் மட்டும் தங்கும், தேய்க்கவே வேண்டாம். உடலின் இரு பாதிகளும் சேரும் முதுகுத் தையலுக்கு மட்டும் சூப்பர் குளூ. அதை ஒரு மணி நேரத்துக்குள் 400, 800, 1200 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்துவிடுங்கள். நாள் கடந்தால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் பள்ளமாகும்.

தட்டைத்தூரிகை:
தூரிகை இந்த விமானத்துக்குக் குறையே இல்லை. அசல் விமானத்தின் மேற்புறத்தில் இரு நிறங்களும் ஒரு அங்குல அகலத்துக்கு மங்கிக் கலந்திருந்தாலும், 72-ஆல் வகுத்தால் 0.35 மி.மீ.தான். கூர்மையான ஓரமே சரி.

டாமியா அக்ரிலிக்கைத் தூரிகைக்கு எடுக்காதீர்கள். இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கரைத்துக் கிளப்பும். வல்லேஜோ போன்ற நீர்ப் பெயின்ட் நல்லது. பால் பதத்துக்கு நீர்த்து, 6 மி.மீ. தட்டைத் தூரிகையால் காற்று ஓடும் திசையில் இழுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும். ஈரத்தில் திருத்தப் போனால் கோடு விழும், விட்டுவிடுங்கள். மூன்று மெல்லிய பூச்சு, இடையில் ஒரு மணி நேரம். முதலில் அடியில் ஸ்கை (வெளிர் பச்சை), பிறகு மேலே முழுக்க டார்க் எர்த் (மண் நிறம்), அதன்மேல் பென்சிலால் வரைந்துகொண்டு டார்க் கிரீன்.

கோடு1940:
டீகால் தாளை நம்பி மூக்குக் கூம்புக்கு ஸ்கை நிறம் அடித்துவிடாதீர்கள். ஸ்கை நிறக் கூம்பும் வால் பக்கப் பட்டையும் 1940 நவம்பர் கடைசியில்தான் வந்தன. ஆகஸ்ட் விமானத்துக்குக் கூம்பு கறுப்பு, பட்டை இல்லை. இறக்கைக்கு அடியில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்பதும் ஜூனுக்கு முந்தைய கதை. டார்க் எர்த்துக்குப் பதில் ஓஷன் கிரே வந்தது 1941 ஆகஸ்ட்டில்.

வெள்ளை பூப்பது டீகாலுக்கும் மேட் பெயின்ட்டின் சொரசொரப்புக்கும் நடுவில் சிக்கும் காற்றால். டீகாலுக்கு முன் கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்து ஒரு நாள் காயவிடுங்கள். டீகால் ஒட்ட உதவும் திரவமான மைக்ரோ செட் தடவி டீகாலை வைத்து, நீரை ஒற்றியெடுத்தபின் மேலே டீகாலை இளக்கும் மைக்ரோ சால். டீகால் சுருங்கும், பயந்து தொட்டால் கிழியும். காயும்போது தானே படியும். எங்காவது வெள்ளை தெரிந்தால் ஊசியால் குத்தி, அங்கே மறுபடி ஒரு சொட்டு சால். எல்லாம் முடிந்தபின் மேட் வார்னிஷ்.

ஸ்ப்ரூ72:
வலப்பக்கத்தில் பிசிறு இருந்தது, சுரண்டியதும் இடுக்கு பாதியாகிவிட்டது. மிச்சத்துக்கு டேப். விமானி அறையின் கண்ணாடிக்கும் சூப்பர் குளூ சரிவருமா?

வாட்டர்பேப்பர்:
வேண்டாம், அதன் ஆவி பட்டாலே கண்ணாடி புகை படிந்தாற்போல மங்கிவிடும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும். சட்டங்களுக்கு முதலில் உட்புறச் சாம்பல் பச்சை, அது காய்ந்தபின் வெளி நிறம். உள்ளிருந்து பார்த்தாலும் சட்டம் சரியான நிறத்தில் தெரியும்.