பீக்கன் விளக்கு எரியும் விமானத்துக்குப் பின்னால் டிராக்டரைக் கொண்டு போகலாமா?

புதுப்பெர்மிட்:
வணக்கம். சென்னை ஏர்போர்ட்டில் ஒரு கிரவுண்ட் ஹேண்ட்லிங் கம்பெனியில் பேகேஜ் டிராக்டர் ஓட்டச் சேர்ந்திருக்கிறேன். வகுப்பு, தேர்வு எல்லாம் முடிந்து ஏர்சைடு பெர்மிட் (விமானங்கள் இருக்கும் பகுதியில் வண்டி ஓட்டும் அனுமதி) கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நேற்று ராத்திரி ஷிஃப்டில் டிராலி நிறையப் பெட்டியோடு சர்வீஸ் ரோட்டில் வருகிறேன், பக்கத்து பேயில் (விமானம் நிறுத்தும் இடம்) ஒரு ஏ320 விமானம். கதவு மூடியாச்சு, ஏணி எடுத்தாச்சு, விமானத்தைப் பின்னால் தள்ளும் புஷ்பேக் டிராக்டர் மூக்கில் மாட்டியிருக்கிறது, வயிற்றடியில் சிவப்பு பீக்கன் (எச்சரிக்கை விளக்கு) மினுக்குகிறது, ஆனால் விமானம் அசையவே இல்லை. நான் கோட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த சீனியர் ஹாரன் அடித்து "போப்பா, அது கிளம்ப இன்னும் நேரமாகும்" என்கிறார். அவர் சொன்ன மாதிரியே அது ரொம்ப நேரம் கழித்துத்தான் நகர்ந்தது, பெட்டி பெல்ட்டுக்குப் போகத் தாமதமாகி சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன். "பீக்கன் எரிந்தால் நில்" என்று வகுப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. நின்றது சரிதானா? அப்புறம், டாக்ஸிவேயை (ரன்வேக்கும் பேய்க்கும் இடையில் விமானம் ஓடும் பாதை) கடக்கிற இடத்தில் விமானம் எவ்வளவு தூரத்தில் இருந்தால் போகலாம்?

வளைகுடா டிராக்டர்:
சரிதான் தம்பி, சந்தேகமே வேண்டாம். பீக்கன் போட்டால் இன்ஜின் ஓடுகிறது, இல்லை ஓடப்போகிறது, இல்லை விமானம் நகரப்போகிறது என்று அர்த்தம். இந்த மூன்றில் எது என்று உன் சீட்டிலிருந்து தெரியாது, உன் சீனியருக்கும் தெரியாது. புஷ்பேக் ஓட்டுகிறவர் கண் முன்சக்கரத்திலும் டோ பாரிலும் (விமானத்தோடு மாட்டும் கம்பி) இருக்கும், வாலுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது, அதற்குத்தான் இறக்கைப் பக்கம் பார்த்துக்கொள்ள விங்மேன் நிற்கிறார், அவரும் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. வந்து நிற்கிற விமானத்துக்கும் இதே கதைதான்: பீக்கன் அணைந்து, இன்ஜின் ஓய்ந்து, சக்கரத்துக்குக் கட்டை போட்ட பிறகுதான் கிட்டேயே போகணும்.

ஜெட் பிளாஸ்டை (இன்ஜின் பின்னால் தள்ளும் காற்று) யாரும் நேரில் பார்க்கும் வரை நம்ப மாட்டார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் விமானத்தைவிட, நின்ற இடத்திலிருந்து நகர பவர் கொடுக்கிற விமானம்தான் மோசம். காலி கன்டெய்னர் ஒன்று, பிரேக் போட்ட டாலி (கன்டெய்னர் ஏற்றும் வண்டி) மேல் லாக் சரியாக விழாமல் இருந்தது, பின்னால் ஒரு பெரிய விமானம் திரும்பும்போது அதன் கேன்வாஸ் கதவு முதலில் படபடவென்று அடித்தது, அடுத்த நொடி பெட்டியே கீழே இறங்கித் தரையில் தேய்த்துக்கொண்டே போயிற்று. எண்பது கிலோ சொச்சம் இருக்கும் அது.

தூரம் கேட்டாயே, அந்தக் கணக்கையே போடாதே. நேர் டாக்ஸிவேயில் அது மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேலேயே வரும், நீ டிராலியோடு அதில் பாதி வேகம்கூடப் போக மாட்டாய். உன் டிராக்டர் தலை கோட்டைத் தாண்டினால் போதாது, கடைசி டிராலி தாண்டணும். "போயிடலாமா" என்று யோசனை வந்தாலே நின்றுவிடு.

வலதுசீட்:
நான் ஏ320-இல் ஃபர்ஸ்ட் ஆபீசர். மேலே உட்கார்ந்திருப்பவர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மூக்குக்கு நேர் கீழே எங்களுக்கு ஒன்றும் தெரியாது, முன்சக்கரமே எங்கள் சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பெரிய விமானங்களில் இறக்கை நுனியும் தெரியாது. 777-300ஈஆர் என்றால் இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்குக் கிட்டத்தட்ட 65 மீட்டர். அமெரிக்காவின் போக்குவரத்து விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. 2012-லேயே 747, 777, ஏ380 மாதிரி விமானங்களுக்கு இறக்கை நுனியைப் பார்க்க கேமரா வேண்டும் என்று பரிந்துரை செய்தது.

சரி, உங்களைப் பார்த்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். டாக்ஸி போகும்போது பின்னால் கேபின் க்ரூ நின்றுகொண்டு சேஃப்டி டெமோ காட்டிக்கொண்டிருப்பார்கள், நான் பிரேக்கை அழுத்தினால் விழுந்து மண்டை உடைவது அவர்களுக்கு. குறுக்கே ஒரு ஜீப் வந்தால் அது போய்விடும் என்று நம்பிக்கொண்டு மெதுவாகத்தான் நிறுத்துவேன். ராத்திரி மழையில் ஏப்ரன் (விமானங்கள் நிற்கும் தளம்) முழுக்க விளக்கு பளபளக்கும், அதில் உங்கள் ஹெட்லைட் எது என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். தயவுசெய்து ஹை பீம் மட்டும் போடாதீர்கள்.

ரோஸ்டர் பலி:
எல்லாரும் டிரைவருக்கே பாடம் எடுக்கிறீர்கள். அரை மணி நேரத்தில் விமானத்தைத் திருப்பி அனுப்பணும் என்று டைம் போடுகிறவன் யார்? ஆள் குறைவு, டபுள் ஷிஃப்ட், வண்டியில் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. ஆனால் ஏதாவது ஆனால் பெர்மிட் பறிபோவது டிரைவருக்கு. 2022 ஆகஸ்டில் டெல்லியில் கோ ஃபர்ஸ்ட் கார் ஒன்று நின்றுகொண்டிருந்த இண்டிகோ விமானத்தின் மூக்குக்கு அடியில் போய், முன்சக்கரத்தில் மோதாமல் மயிரிழையில் தப்பியது. வீடியோவைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள், உடனே டிரைவரை ஊதச் சொன்னார்கள், குடிக்கவில்லை என்று வந்தது. அவருடைய ரோஸ்டரை (ஷிஃப்ட் பட்டியல்) பற்றி எத்தனை பேர் கேட்டார்கள்?

சிவப்பு வண்டி:
ரோஸ்டர் பலி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பீக்கனுக்கு ரோஸ்டர் தெரியாதே. நான் ஏர்போர்ட் ஃபயர் சர்வீஸ். ஆபத்தில் இருக்கும் விமானத்துக்கு உதவப் போகும்போது மற்ற எல்லாப் போக்குவரத்தையும்விட எங்களுக்கு முன்னுரிமை உண்டு, பயிற்சிக்கு அது கிடையாது. 2022 நவம்பர் 18-ல் பெருவின் லிமாவில் நடந்தது அதுதான்: எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறோம் என்று பார்க்கும் பயிற்சி, வண்டி ரன்வேக்குள் நுழைகிறது, அதே நேரம் லாட்டம் ஏ320நியோ டேக் ஆஃப் ஓடிக்கொண்டிருக்கிறது. விமானத்திலிருந்த 108 பேரும் பிழைத்தார்கள், வண்டியிலிருந்த இரண்டு வீரர்கள் அங்கேயே போய்விட்டார்கள்.

புதுப்பெர்மிட், உங்களுக்கு ஏப்ரன் பெர்மிட் மட்டும்தான் என்று நினைக்கிறேன். என்றைக்காவது வழி தப்பி டாக்ஸிவே பக்கம் போய்விட்டால் கண்ட்ரோல் டவரைப் பாருங்கள். அங்கிருந்து சிவப்பு விளக்கு நிலையாகத் தெரிந்தால் அப்படியே நில்லுங்கள், சிவப்பு விட்டு விட்டு வந்தால் டாக்ஸிவேயை விட்டு விலகுங்கள், பச்சை விட்டு விட்டு வந்தால் கடக்கலாம், வெள்ளை விட்டு விட்டு வந்தால் அந்தப் பகுதியைக் காலி செய்யுங்கள்.

புதுப்பெர்மிட்:
எல்லாருக்கும் நன்றி அண்ணா. நிற்பதில் எனக்கு இனிமேல் குழப்பம் இல்லை. சூப்பர்வைசரை எப்படிச் சமாளிப்பது?

வளைகுடா டிராக்டர்:
நின்ற உடனே வாக்கி-டாக்கியில் சொல்லிவிடு: "இந்த பேயில் பீக்கன் ஆன், சர்வீஸ் ரோட்டில் வெயிட்டிங்." நேரத்தோடு அங்கே பதிவாகிவிடும். தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று அப்புறம் யாராவது கேட்டால் அவர்களே கேட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். பின்னால் ஹாரன் அடிக்கிற சீனியரும் வாக்கியில் அப்படி ஒரு மெசேஜ் போன பிறகு ஓவர்டேக் பண்ண மாட்டார், பார்.