கோவை அக்கா குடும்பம் குமரிக்கு வருகிறது: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

கோவை அக்கா: பெரியப்பா, வணக்கம். சனிக்கிழமை காலை நாகர்கோவில் வந்து, திங்கள் இரவு ரயிலில் திரும்புகிறோம். ஞாயிறு கன்னியாகுமரி, திங்கள் பத்மநாபபுரம் அரண்மனை என்று எண்ணியிருக்கிறோம். மாமியாருக்கு மூட்டுவலி, பிள்ளைகளுக்கோ கடலில் குளித்தே ஆக வேண்டுமாம்.

பெரியப்பா: வாருங்கள் மக்களே. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அதைச் சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள். கன்னியாகுமரியைத் திங்களுக்குத் தள்ளினால், விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு வரிசையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு மாமியார் நிற்க வேண்டியிருக்காது. முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்தாலே திருவள்ளுவர் சிலைக்குப் படகு விடமாட்டார்கள். 2024 டிசம்பர் 30 அன்று கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு, பாறையிலிருந்து 77 மீட்டர் நடந்தால் சிலைக்குப் போய்விடலாம். 133 அடியில் பீடத்தின் 38 அடி அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும், சிலையின் 95 அடி பொருளையும் இன்பத்தையும் குறிப்பதை அங்கே வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு.

தக்கலை அத்தை: அரண்மனை மரப்படிகள் செங்குத்தானவை; மாமியாரை மாடிக்கு ஏற்றாதே. நுழைவு மண்டபமான பூமுகத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்க்கச் சொல். மரத்தில் செதுக்கிய பூக்களில் ஒன்றைப்போல் மற்றொன்று இருக்காது. நவராத்திரி மண்டபத்தின் கருந்தரை நிழல் தெரியும் அளவுக்குப் பளபளக்கும். செருப்பை வெளியே விட வேண்டும் என்பதால், அவருக்குக் காலுறை எடுத்துவா.

குளச்சல் சித்தப்பா: அரண்மனை முடிந்ததும் மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில்; மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் செய்து வைக்கிறோம். 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரை வென்றதற்கான தூண் இங்கேதான் இருக்கிறது, அதையும் பார்க்கலாம். மாலையில் முட்டம் போய்ப் பாறைமேட்டிலிருந்து சூரியன் மறைவதைப் பாருங்கள்.

ஆனால் பிள்ளைகள் கடலில் குளிப்பதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேகமோ காற்றோ இல்லாத நாளிலும் நம் கரையில் அலை திடீரென்று எழும். கடற்கரைக்காரர் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் பலத்த காற்று கிளப்பிய நெடிய அலைகள் நாள்கணக்கில் ஓடிவந்து இங்கே மோதுவதால், நம் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்து எதையும் கணிக்க முடியாது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிர் அப்படித்தான் போனது. பெற்றவர்களை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. எச்சரிக்கை வந்திருக்கும் நாளில் மணலில் இறங்கவும் வேண்டாம். எச்சரிக்கை இல்லாத நாளிலும் முட்டத்தில் பாறைகளுக்குக் கீழே யாரும் போகக் கூடாது.

கோவை அக்கா: சரி சித்தப்பா, கடலில் இறக்க மாட்டேன். ஞாயிறன்று அவர்கள் ஆசைதீரக் குளிக்க வேறு இடம் உண்டா?

தக்கலை அத்தை: திற்பரப்பு அருவி இருக்கிறதே! மழை பெய்து வெள்ளம் கூடினால் குளிக்க விடமாட்டார்கள். அதனால் காலையில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பும்போது மாத்தூர் தொட்டிப்பாலம் பார்க்கலாம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம் அது. மேலே நடைபாதை சமமாக இருப்பதால் மாமியாரும் முடிந்த தூரம் நடக்கலாம். ஆற்றுக்கு இறங்கும் படிகள் அவருக்கு வேண்டாம்.

பெரியப்பா: ஞாயிறு இரவு கன்னியாகுமரியிலேயே தங்கிவிட்டால், திங்கள் விடியலில் சூரிய உதயம் பார்த்துவிட்டு நேரே படகுத்துறைக்குப் போகலாம். கீழ்த்தளத்தில் அறை கேட்டு வைக்கிறேன். எத்தனை பேர் என்பதை மட்டும் இன்றிரவுக்குள் எழுது.