பிரசவ விடுப்பு முடிந்து வரும் ஆய்வு மாணவி: வேலையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என் முனைவர் பட்ட மாணவி அடுத்த மாதம் திரும்புகிறார். செல் கல்ச்சர் (ஆய்வகத்தில் செல்களை வளர்க்கும் வேலை) பாதியில் நிற்கிறது, கட்டுரையும் எழுதவில்லை. எதை முதலில் கொடுக்கலாம்?

பதில் 1: இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம். முதல் வாரமே திரவ நைட்ரஜனிலிருந்து, செல்கள் உறைந்திருக்கும் ஒரு சிறு குப்பியை எடுத்து உருக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பாசேஜ் (வளர்ந்த செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றுவது) தாண்டி, மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று இல்லையா என்ற சோதனையும் முடிந்த பிறகுதான் அந்த செல்களை நம்பலாம். அந்த இடைவெளியில் கட்டுரைக்கான படங்களை அடுக்கட்டும், முன்னுரையெல்லாம் கடைசியில்.

விடுப்பில் அவர் வேலையை வேறு யாராவது பார்த்தார்களா? அப்படியென்றால் கட்டுரையில் முதல் பெயர் (முதல் ஆசிரியர்) யாருடையது என்பதை இப்போதே மின்னஞ்சலில் எழுதி வையுங்கள். கட்டுரையில் யார் என்ன செய்தார் என்று வகைப்படுத்தும் கிரெடிட் (CRediT) பட்டியலின் 14 பங்களிப்பு வகைகளை வைத்துப் பேசினால் மனக்கசப்பு குறையும். சண்டை வருவதே இங்கேதான்.

பதில் 2: தாய்ப்பால் எடுக்கப் பூட்டக்கூடிய அறை, நாற்காலி, பிளக் பாயின்ட் வேண்டும். பாலை ரசாயன ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. கதிரியக்க அயோடின் பாலில் கலக்கும். அதைக் கையாளும் வேலை இருந்தால் வேறொருவருக்கு மாற்றுங்கள். மாலை 6 மணி மீட்டிங்கைக் காலைக்குக் கொண்டுவாருங்கள், எல்லோருக்குமே.

பதில் 3: பிறகு அவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத நேர்ந்தால், அதில் விடுப்பைப் பற்றி நீங்களாக எழுதாதீர்கள். ‘பொறுமைசாலி, கடின உழைப்பாளி’ என்பதும் எடுபடாது. எந்த முறையை உருவாக்கினார், என்ன முடிவு வந்தது என்று எழுதுங்கள்.