கலைச்சொல் தேவை: அயல்நாட்டுப் படங்களை உரிமம் பெற்று வெளியிடும் நிறுவனம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கு நான் எழுதிவரும் பாடநூலில் ஜப்பானிய இயங்குபடங்கள் (அனிமேஷன்) பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் தடைப்பட்டு நிற்கிறேன். நியூயார்க்கில் 2008-இல் தொடங்கப்பட்ட ஜிகிட்ஸ் போன்ற நிறுவனங்கள் ஜப்பானில் எடுத்த படத்துக்கு வேறொரு நாட்டில் திரையிடும் உரிமத்தைப் பெற்று, ஆங்கிலக் குரல் சேர்த்து, வசனவரி இட்டு, திரையரங்குகளுக்குக் கொண்டுசெல்கின்றன. ஜப்பானின் இயங்குபட நிறுவனமான ஜிப்லி எடுத்த படங்களின் வட அமெரிக்கத் திரையரங்கு உரிமை 2011-இல் இந்நிறுவனத்துக்கு வந்தது. 2024-இல் ஜப்பானின் தோஹோ திரைப்பட நிறுவனம் ஜிகிட்ஸையே வாங்கிக்கொண்டது. வரைவில் 'விநியோகஸ்தர்' என்று எழுதியிருந்தேன். மேலாய்வாளர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் 'தமிழ்ச்சொல் தருக' என்று குறித்திருக்கிறார். அந்தச் சொல் பதினான்கு இடங்களில் வருகிறது.

* * *

தங்கைக்கு வணக்கம்.

'வழங்குநர்' என்பதே என் பரிந்துரை. வழங்குதல் என்றால் கொடுத்தல் என்று மட்டுமே இன்று பலர் கொள்கிறார்கள். 'வானின்று உலகம் வழங்கி வருதலால்' என்ற குறளில் அது இடையறாது நடந்துவருவதைக் குறிக்கிறது. வழக்கு என்ற சொல்லும் இந்த வேரில் கிளைத்ததே. கொடுப்பதும் புழக்கத்தில் நிலைபெறச் செய்வதும் ஒரே வினைக்குள் அடங்கியிருக்க, வடசொல்லுக்கு -ஸ்தர் என்ற வாலையும் ஒட்டி ஏன் சுமக்கவேண்டும்?

ஜப்பானியரைப் பாருங்கள். படத்தைத் திரையரங்குகளுக்கு அனுப்புவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'ஹைக்யூ'. போர்க்காலத்தில் அரிசியைப் பங்கிட்டுக் கொடுத்ததையும் அதே சொல்லால்தான் குறித்தார்கள். இயங்குபடத்துக்கு அவர்கள் ஆக்கிக்கொண்ட சொற்களில் ஒன்று 'தோகா'. 'தோ' என்பது இயக்கம், 'கா' என்பது படம். 1956-இல் தோன்றிய தோயெய் தோகா நிறுவனம் 1998-இல்தான் அனிமேஷன் என்ற சொல்லைத் தன் பெயரில் ஏற்றது. நாம் 'இயங்குபடம்' என்று ஆக்கியதும் அவர்கள் ஆக்கியதும் உறுப்புக்கு உறுப்பு ஒத்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. அந்தச் சொல்லுக்குக் காட்டிய அக்கறையை இதற்கும் காட்டுவோம்.

* * *

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மதுரையில் ஒரு விநியோக அலுவலகத்தில் பதினோராண்டு கணக்கு எழுதியவன் என்ற முறையில் மறுக்கிறேன். சுவரொட்டியில் தலைப்புக்கு மேலே 'இன்னார் வழங்கும்' என்று அச்சிடுவது பெரும்பாலும் தயாரிப்பாளரின் பெயரோடு. மாணவர் 'வழங்குநர்' என்று படித்தால் படம் எடுத்தவரையே நினைப்பார். ஜிப்லியும் ஜிகிட்ஸும் ஒன்றாகிவிடும். 'பங்கீடு' என்றால் ரேஷன் கடை, 'பகிர்மானம்' என்றால் மின்வாரியம் என்று மக்கள் மனத்தில் முன்பே பதிந்திருக்கிறது.

தகரப் பெட்டியின் மூடியில் படத்தின் பெயரும் ரீல் எண்ணும் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்க, அதைப் பேருந்தின் கூரையில் ஏற்றிவிட்டு, மாலைக் காட்சிக்குள் ஊர் போய்ச் சேருமா என்று தொலைபேசியருகே காத்திருந்தவர்கள் தம்மை விநியோகஸ்தர் என்றே சொல்லிக்கொண்டார்கள். கோவை ஏரியா, மதுரை-ராமநாதபுரம் ஏரியா என்று இங்கே பிரித்து விற்பதும், வட அமெரிக்க உரிமை என்று அங்கே விற்பதும் ஒரே தொழில். அந்தத் தொழிலுக்குள் பிறந்து வளர்ந்த சொல்லை வேற்றுச்சொல் என்று தள்ளுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

* * *

இருவருக்கும் வணக்கம்.

பெட்டியை அனுப்புவதோடு இந்த நிறுவனங்களின் வேலை முடிந்துவிடவில்லை என்பதை இருவருமே விட்டுவிட்டீர்கள். ஜிப்லியைப் பின்னர் நிறுவியவர்களுள் ஒருவரான இயக்குநர் மியாசாகியின் 'நௌசிக்கா' படம் 1984-இல் வெளிவந்தது. அதன் அமெரிக்க உரிமையைப் பெற்ற நியூ வேர்ல்டு பிக்சர்ஸ் இருபது நிமிடங்களுக்கும் மேலாக வெட்டி, தலைப்பை மாற்றி, கதைமாந்தரின் பெயர்களையும் மாற்றி 1985-இல் வெளியிட்டது. இந்தக் கசப்பினால்தான் 1996-இல் டிஸ்னியோடு உடன்பாடு செய்தபோது படத்தில் வெட்டு கூடாது என்பதில் ஜிப்லி தரப்பு உறுதியாக நின்றது. குரலையும் நீளத்தையும் பெயரையும் மாற்ற வல்லவரைப் பங்கிட்டுக் கொடுப்பவர் என்று மட்டும் சொன்னால் அவருடைய பொறுப்பு மறைந்துபோகும். நூலுக்குப் பதிப்பாளர் இருப்பதுபோல் படத்துக்கு 'வெளியீட்டாளர்' என்று வையுங்கள். அயல்மொழிப் பார்வையாளர் முன் அந்தப் படம் எந்த உருவில் வந்தது என்பதற்கு அவரே பொறுப்பேற்கிறார்.

* * *

அனைவருக்கும் நன்றி.

தனிமடல்களையும் சேர்த்து எண்ணினால் ஆறு பேர் 'விநியோகம்' இருக்கட்டும் என்கிறார்கள். அவர்களிலும் மூவர் -ஸ்தர் வேண்டாம் என்கிறார்கள். ஆகவே 'விநியோக நிறுவனம்' என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். 1985-ஆம் ஆண்டு வெட்டைச் சொல்லும் பத்தியில் மட்டும் 'வெளியீட்டாளர்' என்று எழுதியிருக்கிறேன், அங்கே வேறெந்தச் சொல்லும் பொருந்தவில்லை. மேலாய்வாளருக்கு இந்த மடல்களையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன்.

* * *

தங்கைக்கு,

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நூலின் இறுதியில் வரும் சொல்லடைவில் 'வழங்குநர்' என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடும்படி வேண்டுகிறேன்.