'நூஸ்' என்ற கிரேக்கச் சொல்: 1 கொரிந்தியர் 2:16-இல் என்ன பொருள்?

வரும் ஞாயிறு வேதபாட வகுப்பை நான் நடத்த வேண்டும். இரண்டு வாரமாக இந்த ஒரு சொல்லிலேயே நிற்கிறேன். நம் பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில், 'நூஸ்' ரோமர் 12:2-இல் மனம், பிலிப்பியர் 4:7-இல் புத்தி, 1 கொரிந்தியர் 14:14-இல் கருத்து, 2:16-இல் சிந்தை ('கிறிஸ்துவின் சிந்தை'). வேதாகம மூலச்சொற்களுக்கு எண் கொடுத்து விளக்கும் ஸ்ட்ராங் அகராதியில் 3563-ஆம் எண்ணைப் பார்த்தேன். எந்தப் பொருள் எங்கே பொருந்தும் என்று பிடிபடவில்லை.

அப்புறம் இந்த நிருபத்தை எழுதிய பவுல் 2:16-இல் மேற்கோள் காட்டும் ஏசாயா 40:13-க்குப் போனேன். எபிரெயத்தில் அங்கே 'ரூவாக்', அதாவது ஆவி. செப்டுவஜின்ட் என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதை 'நூஸ்' ஆக்கியிருக்கிறது. பவுலும் அதையே எடுக்கிறார். ஆனால் 1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரத்தில் ஆவி வேறு, நூஸ் வேறு என்று பிரிப்பவரும் அவரேதான்! எனக்கு முடிச்சு அங்கேதான்.

கிரேக்கம் படித்தவர்கள் சொல்லுங்கள்: 'கிறிஸ்துவின் சிந்தை' என்று பவுல் குறிப்பது கிறிஸ்து சிந்திக்கும் விதத்தையா, அவருடைய ஆவியையா?