மறுகாலோட்டம்: ‘ரிப் கரண்ட்’ என்பதற்கு ஒரு முன்மொழிவு

குழும அன்பர்களுக்குக் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

அலை உடையும் கரையோரத்தில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் ஒடுங்கிய தடமாகத் திரண்டு கடலை நோக்கி விரைவதை ரிப் கரண்ட் என்கிறோம். அதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இவ்விழையில் கிழிநீரோட்டம், கரைச்சுழல், உள்ளிழுவை ஆகிய சொற்கள் வந்துள்ளன. முதலிரண்டைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. கிழி என்றால் நம் பக்கத்தில் பொற்கிழிதான் நினைவுக்கு வரும். சுழல் என்ற சொல்லை நாளிதழ்கள் ‘சுழலில் சிக்கி மாணவர் பலி’ என்று எழுதி எழுதிப் பரப்பிவிட்டன என்றாலும், இவ்வோட்டத்தில் சுழற்சி முதன்மையன்று; கரைக்கு ஏறத்தாழக் குறுக்காக வெளியே போவதே இதன் இயல்பு.

உள்ளிழுவை என்பதற்குப் பலர் ஆதரவு தெரிவித்திருக்கிறார்கள். எனக்கு அதில்தான் பெரிய தயக்கம். ‘கடல் உள்ளே இழுத்துக்கொண்டது’ என்னும்போது தமிழில் அது கரையிலிருந்து அப்பால் என்றும் பொருள்படும், நீர்மட்டத்துக்குக் கீழே என்றும் பொருள்படும். ரிப் கரண்ட் யாரையும் கீழே இழுப்பதில்லை. கரையை விட்டு விலக்கிக் கொண்டுபோகிறது, அவ்வளவே. கீழே இழுக்கப்படப் போகிறோம் என்று அஞ்சியவர் கரையை நேராகப் பார்த்து வெறிகொண்டு நீந்துகிறார்; களைத்துப்போகிறார்; அந்தக் களைப்பே அவரை மூழ்கடிக்கிறது. ஓட்டத்தின் வேகம் பொதுவாக நொடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும் என்றாலும், 2.4 மீட்டர் வரையிலும் அளந்திருக்கிறார்கள். அந்த வேகத்தை எதிர்த்து நீந்த ஒலிம்பிக் வீரராலும் இயலாது. ஆனால் தடம் குறுகியது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் வெளியேறிவிடலாம். நீந்த வலுவில்லையென்றால் மிதந்துகொண்டே கையசைத்து உதவி கேட்கலாம். பெரும்பாலும் அலை உடையும் வரிசையைத் தாண்டியதும் ஓட்டம் தளர்ந்துவிடும். இத்தனையும் தெரிந்த பிறகு, கீழே போவதாக ஒரு நிழலான பொருளையேனும் தரும் பெயரை நாம் ஏன் சூட்ட வேண்டும்? மேலும், இராமேசுவரத்தில் கடல் பின்வாங்கித் தரை தெரியும் நாள்களில் ‘கடல் உள்வாங்கியது’ என்று செய்தி எழுதுவது வழக்கமாகிவிட்டதால், உள் என்ற முன்னொட்டு அங்கே வேறொரு பொருளிலும் வழங்கிவருகிறது. உடைந்த அலையின் நீர் அடித்தரையை ஒட்டித் திரும்புவதைக் குறிக்க அடியிழுப்பு என்ற சொல்லைத் தனியே வைத்துக்கொள்ளலாம். அது வேறு நிகழ்வு.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. கலிபோர்னியக் கரையில் ஆய்வு செய்த பிரான்சிஸ் ஷெப்பர்டு 1936இல் இதே சிக்கலை எழுப்பினார். ‘டைட்’ எனப்படும் ஓதத்துக்கும் (கடல் ஏற்றவற்றம்) இதற்கும் தொடர்பில்லாதபோது ‘ரிப் டைட்’ என்பது பிழை என்று சொல்லி, ரிப் கரண்ட் என்ற பெயரை அவர் முன்மொழிந்தார். அப்படியும் ஆங்கிலப் பேச்சில் பழைய பெயர் இன்றும் ஒழியவில்லை. பிழையான பெயர் ஒருமுறை வேரூன்றினால் என்னவாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

என் முன்மொழிவு: மறுகாலோட்டம்.

சிவகங்கைச் சீமையில் கண்மாய், அதாவது ஏரி, நிரம்பினால் மிகுநீர் கலுங்கு என்னும் தாழ்ந்த கரைச்சுவரைத் தாண்டி வெளியேறும். அதனை ‘மறுகால் பாய்கிறது’ என்போம். மடையை ஆள் திறக்க வேண்டும். மறுகால் நிறைந்தால் தானே பாயும். கடற்கரையிலும் நடப்பது இதுவே. அலைகள் மணல்திட்டுக்கு மேல் உடைந்து உடைந்து தண்ணீரைக் கரைப்பக்கம் கொண்டுவந்து சேர்க்கின்றன. சேர்ந்த நீரின் மட்டம் சற்றே உயர்கிறது. உயர்ந்த நீர், திட்டில் எங்கே தாழ்வான இடைவெளி இருக்கிறதோ, அல்லது எங்கே தூண்டில் வளைவோ (கடலுக்குள் நீளும் கற்சுவர்) அலைதடுப்புச் சுவரோ இருக்கிறதோ, அவ்விடத்தின் வழியே கடலுக்குத் திரும்புகிறது. அலை பெருத்தால் ஓட்டமும் பெருக்கும். மறுகால் தன் தடத்தை அறுத்து ஆழமாக்குவதைப் போல இதுவும் மணலை அரித்து வாய்க்கால் செய்துகொள்கிறது. அங்கே ஆழம் மிகுதி என்பதால் அலை அவ்வளவாக உடையாது. நுரை குறைந்து, நீர் கருத்து, பக்கத்து அலைகளுக்கு நடுவில் அமைதியான பட்டையாகத் தெரியும். நீந்தத் தெரியாதவர் கால் நனைக்கத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்த அமைதியான பட்டையைத்தான். கோவளம் போன்ற இடங்களில் அலைச்சறுக்குப் பழகியவர்களோ, கைவலிக்காமல் அப்பால் போவதற்கென்றே அதைத் தேடிப் போகிறார்கள்.

இச்சொல்லை எடுத்துக்கொண்டால் துணைச்சொற்களும் தாமாகக் கிடைக்கின்றன. இடைவெளியை நோக்கிக் கரையை ஒட்டி இருபுறமிருந்தும் வரும் ஓட்டங்கள் வரத்தோட்டங்கள். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலிலிருந்து பெற்ற பெயர். திட்டின் இடைவெளி மறுகால் வாய். அலைவரிசைக்கு அப்பால் ஓட்டம் விரிந்து கலையும் பகுதிக்கு விரிதலை என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். அது எனக்கே நிறைவு தரவில்லை.

‘கடலில்லாத செட்டிநாட்டிலிருந்து கடற்சொல்லா?’ என்று நாகப்பட்டினத்து அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தார்கள் என்ற கதையையும் பர்மாவுக்குக் கப்பலேறிய பாட்டன்மாரையும் காட்டி உரிமை கோரலாம். ஆயினும் அது விடையாகாது. விடை வேறு. இந்தக் கலைச்சொல் யார் படிப்பதற்காக என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். மீனவருக்கு நீரோட்டம் பற்றி நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. சென்னைப் பக்கத்துக் குப்பங்களில் வடக்கிருந்து வருவதை வன்னி என்றும் தெற்கிருந்து வருவதை தெண்டி என்றும் பிரித்துப் பேசுகிறார்கள். எச்சரிக்கைப் பலகை உள்நாட்டிலிருந்து வேன் பிடித்து வருபவருக்காக வைக்கப்படுகிறது. எங்கள் ஊர்க்காரர் பழகிய கடல், தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போய்ச் சேரும் தொண்டியும், நவக்கிரகம் தொழப் போகும் தேவிபட்டினமும், இராமேசுவரத்து அக்னி தீர்த்தமும்தான். பாக்கு நீரிணையில் ஆழம் குறைவு. இலங்கை மறைத்து நிற்பதால் பெருங்கடல் அலை முழு வலுவோடு நுழைவதில்லை. அந்தக் குளம் போன்ற கடலில் முங்கி எழுந்தவர் அதே துணிச்சலோடு குமரியிலோ புதுச்சேரியிலோ மெரினாவிலோ இறங்குகிறார். அவருக்குக் கடல் தெரியாது, கண்மாய் தெரியும். மறுகாலில் நின்று எதிர்நீச்சல் போடக் கூடாது என்பது அவருக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

அம்மையாரின் கேள்வியில் நியாயமும் உண்டு. மீனவர் சொல் அறிவியலுக்குள் நுழைவதே சிறப்பு என்பதற்கு கள்ளக்கடல் சான்று. கேரள மீனவர் வழங்கிய அச்சொல்லை 2012இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் தன் எச்சரிக்கைகளில் அதையே எழுதுகிறது. உள்ளூரில் காற்று அசையாதபோதும், தொலைதூரத் தென்கடற் புயல்கள் எழுப்பிய நீளலைகள் வந்து கரையை அறைவது அது. 2024 மே 6 அன்று, அந்த எச்சரிக்கை நடப்பில் இருந்தபோது, குமரி மாவட்டத்துக் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தனர். நீளலை கரையில் குவிக்கும் நீர் மிகுதி. அது திரும்பும் வேகமும் மிகுதி. ஆகவே அறிவிப்புகளில் இவ்விரு சொற்களும் அடுத்தடுத்து வர நேரும் என்பதையும் கருத வேண்டும்.

வடதமிழ்நாட்டு அன்பர்கள் எழுப்பக்கூடிய தடையை நானே சொல்லிவிடுகிறேன். அங்கே ஏரி ‘கோடி போகும்’, மறுகால் பாய்வதில்லை. கோடியோட்டம் என்று ஆக்கினால் தென்னாட்டார்க்கு எண்ணாகத் தோன்றும் என்பதால் நான் மறுகாலையே ஆதரிக்கிறேன். பலகையில் கலைச்சொல்லை மட்டும் எழுதாமல், ‘இங்கே கடல் மறுகால் பாய்கிறது, இழுத்தால் எதிர்க்காதீர், பக்கவாட்டில் நீந்துக’ என முழு வாக்கியமாக எழுதினால், சொல்லை முதன்முறை பார்ப்பவருக்கும் செய்தி போய்ச்சேரும்.

கடலூர் முதல் குமரி வரையுள்ள உறுப்பினர்கள் தத்தம் ஊர் மீனவரிடம், திட்டு இடைவெளியில் வெளியே ஓடும் தண்ணீருக்குத் தனிப்பெயர் உண்டா என்று கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன். அப்படி ஒரு பெயர் பல கரைகளுக்கும் பொதுவாகக் கிடைத்தால் மறுகாலோட்டத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விரிதலைக்கு மாற்றுச்சொல் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.